ஓப்பனிங் பேலன்ஸ் இல்லாத நட்சத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இயற்பியல் மாணவன் இல்லை. பி.காம். டெபிட், கிரெடிட், டேலி, ஜி.எஸ்.டி., இதுதான் நம்ம ஏரியா. இப்படிப்பட்டவன் நட்சத்திரத்தைப் பற்றி எழுதலாமா என்று கேட்டால், தாராளமாக எழுதலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையே. படித்துவிட்டு அடிக்க வராதீர்கள் :-)

2020 பிப்ரவரி. அப்போது நான் பத்தாம் வகுப்பு. திருவாதிரை நட்சத்திரம் மங்கிவிட்டது, சீக்கிரமே வெடிக்கப் போகிறது என்று ஒரு செய்தி எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் திருவையாற்றுக்கு வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில். சாப்பிட்டுவிட்டுத் தெருவில் நின்ற நாலு பேருக்கு நான்தான் திருவாதிரையைக் காட்டினேன். "பாருங்க, எப்படி மங்கிப் போச்சு!" என்று பெரிய விஞ்ஞானி மாதிரி சொன்னேன். எல்லோரும் "ஆமாமா" என்றார்கள். அப்பா மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டார்.

பதில் இல்லை. ஏனென்றால் அதற்கு முன் நான் திருவாதிரையை ஒரு நாள்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. மார்கழித் திருவாதிரைக்கு அப்பத்தா செய்யும் களியைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது காமர்ஸ் படித்தபின் அந்தக் கேள்வி நன்றாகப் புரிகிறது. ஓப்பனிங் பேலன்ஸ் தெரியாமல் லாபமா நட்டமா என்று சொல்ல முடியாது. நான் அன்று சொன்னது கணக்கே இல்லை. செய்தியில் படித்ததை நட்சத்திரத்தின் மேல் ஒட்டினேன்.

நிற்க. திருவாதிரை அன்று மங்கியது உண்மைதான். மேல்நாட்டில் பீட்டல்ஜூஸ் என்று சொல்லும் இந்தச் சிவப்பு நட்சத்திரம் 2019 கடைசியில் மங்க ஆரம்பித்து, 2020 பிப்ரவரியில் வழக்கமான வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. பக்கத்திலேயே ரோகிணி இருக்கிறது. சாதாரணமாகத் திருவாதிரை ரோகிணியைவிடக் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். அந்த மாதம் ரோகிணிக்கு நன்றாகவே கீழே போய்விட்டது. நட்சத்திரம் வெடிக்கவில்லை. தன் மேற்பரப்பிலிருந்து வாயுவைக் கக்கி, அது குளிர்ந்து தூசியாகி, நமக்கும் அதற்கும் நடுவே திரை போட்டுவிட்டது என்று 2021-ல் வந்த ஆய்வு சொன்னது. சில மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இது அசாதாரணம் என்று 2019 டிசம்பரில் முதலில் உலகத்துக்குச் சொன்னவர்களில் எட்வர்ட் கினனும் ரிச்சர்ட் வாசடானிக்கும் இருந்தார்கள். அவர்களிடம் சுமார் 25 ஆண்டுக் கணக்கு இருந்தது. திருவாதிரை பாட்டுக்குச் சும்மா இருந்த வருடங்களிலும் விடாமல் அளந்து எழுதிவைத்த கணக்கு. அதனால்தான் அவர்களால் "இவ்வளவு கீழே இதுவரை போனதில்லை" என்று சொல்ல முடிந்தது.

என் கட்சி இதுதான். நம் கல்லூரிகளில் வானியல் என்றால் கிரகணத்தன்று ஒரு நாள், வால்நட்சத்திரம் வந்தால் ஒரு நாள், கூட்டம், போட்டோ, முடிந்தது. அது திருவிழா. தப்பில்லை. ஆனால் நட்சத்திரத்தின் வெளிச்சம் ஏறுவதையும் இறங்குவதையும் தினமும் ஒரு வரி எழுதிவைப்பதுதான் நமக்கு நிஜமாகவே கைகூடும் வானியல். அதற்கு அறிவியல் டிகிரி வேண்டாம். தொலைநோக்கிகூட வேண்டாம். கணக்கு எழுதும் புத்தி போதும். இதில் பி.காம். மாணவனுக்கு இருக்கும் தகுதி பி.எஸ்ஸி. மாணவனுக்குக் குறைந்ததில்லை.

சரி, எப்படி அளப்பது? நட்சத்திர வெளிச்சத்தை மேக்னிட்யூட் என்ற எண்ணால் சொல்கிறார்கள். நான் பொலிவெண் என்று எழுதுகிறேன். எண் கூடினால் வெளிச்சம் குறைவு. கடன் கூடினால் கையிருப்பு குறைகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு ஆறு வரை தெரியும். ஐந்து எண் வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் சரியாக நூறு மடங்கு. அப்படியானால் ஒரு எண்ணுக்கு 2.512 மடங்கு. கூட்டு வட்டி போட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்: 2.512-ஐ ஐந்து முறை பெருக்கினால் நூறு.

இந்த 2.512 என்ற விகிதத்தை 1856-ல் சொன்னவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர். அவர் 1861-ல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்று, 1891-ல் சாகும்வரை முப்பது ஆண்டுகள் அங்கேயே வேலை பார்த்தார். உலகம் முழுக்க இன்று நட்சத்திரம் அளக்கப் பயன்படும் தராசைச் செய்தவர் நம் ஊரில் வாழ்ந்து செத்தவர்! எத்தனை பேருக்குத் தெரியும்?

அவருக்கு உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867 ஜனவரியில், தெற்கு வானத்தில் ரெட்டிகுலம் என்ற சின்ன நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் மாறுவதைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் ஆர் ரெட்டிகுலி. நவீன காலத்தில் மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த முதல் இந்தியர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். சென்னையிலிருந்து பார்த்தால் அது தெற்குத் தொடுவானத்திலிருந்து மிஞ்சிப்போனால் 14 டிகிரிக்கு மேல் ஏறாது. அவ்வளவு தாழ்வான இடத்தில் இருப்பதை, நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்த ஒருவரால்தான் பிடித்திருக்க முடியும்.

ஆனால் இவர்களாவது சம்பளத்துக்கு வானம் பார்த்தவர்கள். என் ஹீரோ வேறு ஒருவர்.

ராதா கோவிந்த சந்திரா. 1878-ல் ஜெசோர் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். இன்று அது வங்காள தேசத்தில் இருக்கிறது. அதுவும் நம்ம ஊர் மாதிரி டெல்டாதான், நெல்லும் தண்ணீரும். பள்ளி இறுதித் தேர்வில் தேறவில்லை. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கடைசியில் ஜெசோர் கலெக்டர் அலுவலகக் கருவூலத்தில் குமாஸ்தா வேலை. பகலெல்லாம் சர்க்கார் பணத்துக்குக் கணக்கு. ராத்திரி நட்சத்திரம். 1910-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது ஒரு பைனாகுலரை வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1912-ல் சொந்தமாக ஒரு 3 அங்குலத் தொலைநோக்கி வாங்கினார். 1918 ஜூனில் கருடன் நட்சத்திரக் கூட்டத்தில், அதாவது நம் திருவோணம் இருக்கும் பக்கத்தில், திடீரென்று ஒரு புது நட்சத்திரம் பளிச்சிட்டது. யாரும் சொல்லாமல் தானாகவே அதைக் கண்டுகொண்ட உலகத்துச் சிலரில் இந்தக் குமாஸ்தாவும் ஒருவர். வழக்கமாக அங்கே என்ன இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம், அதனால்தான்.

அமெரிக்காவில் மாறும் நட்சத்திரங்களைப் பார்ப்பவர்களுக்கென்றே 1911-ல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது. ஏ.ஏ.வி.எஸ்.ஓ. என்று சொல்வார்கள். சந்திரா தன் கணக்கையெல்லாம் அவர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார். 1926-ல் அவர்கள் இவருக்கு ஒரு 6 அங்குலத் தொலைநோக்கியைக் கப்பலில் அனுப்பிவைத்தார்கள். தேர்வில் தோற்ற ஒரு குமாஸ்தாவுக்கு! 1954 வரை அவர் அனுப்பிய அளவீடுகள் 37,000-க்கும் மேல். 35 வருடம் என்று வைத்து வகுத்துப் பார்த்தேன். மழை, மேகம், காய்ச்சல், பிரிவினை எல்லாவற்றையும் சேர்த்து, சராசரியாக ஒரு நாளைக்கு மூன்று.

அந்தத் தொலைநோக்கி பிற்பாடு வைணு பாப்புவிடம் போய்ச் சேர்ந்து, கடைசியில் நம் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்கே வந்தது. ஜெசோர் குமாஸ்தாவின் கண்ணாடி தமிழ்நாட்டுக்கு வந்துசேர்ந்த கதையைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே தூக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது.

கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தான வருடம் நான். காலாண்டு, அரையாண்டு மார்க்கை வைத்து மதிப்பெண் போட்டார்கள். என் கணக்கு மார்க்குக்குக் காமர்ஸ் குரூப்தான் கிடைத்தது. வானியல் எல்லாம் இனி நமக்கில்லை என்று நானே கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்று தடவை தோற்ற ஒருவர் 37,000 வரி எழுதியிருக்கிறார் என்றால், கதவைச் சாத்தியது மார்க் இல்லை, நான்தான்.

எனவே 2024 ஜூலையில் ஒரு நோட்டுப் போட்டேன். அந்த வருடம் வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. எங்கள் குறுவை முழுக்க போர் தண்ணீரில்தான். ராத்திரி மோட்டார் போடப் போகும்போது அப்பாவுக்குத் துணையாக நானும் போவேன். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மறைப்பே கிடையாது. டெல்டாவில் மலை இல்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் ஒரு ராத்திரி வயலில் வந்து உட்கார்ந்து பாருங்கள்.

நான் எடுத்துக்கொண்டது ஈட்டா அக்விலே என்ற நட்சத்திரம். திருவோணத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும். 7.18 நாளுக்கு ஒருமுறை 3.5-லிருந்து 4.4 வரை போய் வரும். சட்டென்று ஏறும், மெதுவாக இறங்கும். அதைச் சுற்றி மாறாத நட்சத்திரங்கள் மூன்றைக் குறித்துக்கொண்டேன்: டெல்டா 3.4, பீட்டா 3.7, ஐயோட்டா 4.4. வேலை ரொம்ப எளிது. நம் நட்சத்திரம் பீட்டாவைவிட மங்கலாகவும் ஐயோட்டாவைவிடப் பளிச்சென்றும் இருக்கிறதா? இரண்டுக்கும் நடுவே எந்த இடத்தில்? பீட்டாவிலிருந்து பத்தில் மூன்று பங்கு தள்ளி என்றால் 3.9. பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் வரும் இன்டர்போலேஷன்தான், கண்ணால் போடுகிறோம், அவ்வளவே. தேதி, நேரம், எதோடு ஒப்பிட்டேன், எண், வானம் எப்படி. ஒரு நாளைக்கு ஒரு வரி.

இரண்டு வாரத்தில் என் வளைகோடு புத்தகத்தில் இருப்பது மாதிரியே வந்தது. சட்டென்று ஏற்றம், மெதுவாக இறக்கம். தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் இடி விழுந்தது. எந்த நாளில் உச்சம் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதில் தொடக்கத் தேதியையே தப்பாக எடுத்திருக்கிறேன். நான் "உச்சம், 3.5" என்று எழுதிய ராத்திரி, அந்த நட்சத்திரம் உண்மையில் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அதாவது நான் பார்த்ததை எழுதவில்லை. வர வேண்டியதை எழுதியிருக்கிறேன். இன்னும் வெட்கமான விஷயம், மேகம் மூடிய இரண்டு ராத்திரிக்கும் "சுமாரா இவ்வளவு இருக்கும்" என்று எண் போட்டு நிரப்பியிருக்கிறேன். பில் இல்லாத செலவுக்கு வவுச்சர் எழுதுவதற்கு எங்கள் படிப்பில் ஒரு பெயர் இருக்கிறது. அதைத்தான் செய்திருக்கிறேன். அதுவும் யாரும் கேட்காத நோட்டில், யாரையும் ஏமாற்ற வேண்டிய தேவையே இல்லாமல்.

2020-ல் தெருவில் நின்று "மங்கிப் போச்சு" என்று சொன்ன அதே ஆள்தான் நான்!

சிவப்பு மையால் மொத்தத்தையும் அடித்தேன். கிழிக்கவில்லை, கணக்கு நோட்டில் கிழிக்கக்கூடாது. மறுநாளிலிருந்து கணித்த தேதியைப் பார்ப்பதில்லை என்று முடிவு. நேற்று எழுதிய வரியின்மேல் ஒரு அட்டையை வைத்து மறைத்துவிட்டுத்தான் இன்றைய வரி. இரண்டாவது முறை வந்த வளைகோடு அசிங்கமாக இருந்தது. புள்ளிகள் அங்கும் இங்கும் 0.2 வரை தள்ளி நிற்கின்றன. ஆனால் ஏற்ற இறக்கம் சரியான தேதியில் விழுந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் நேர்மையான அளவீடு அதுதான் என்று நினைக்கிறேன்.

வால்நட்சத்திரத்துக்கு வருவோம். இங்கே கதை இன்னும் மோசம், ஏனென்றால் எதிர்பார்ப்பு அதிகம். ஈட்டா அக்விலேவுக்கு ஒழுங்கான கால அட்டவணை உண்டு. வால்நட்சத்திரம் அழுக்குப் பனிக்கட்டி. வெயில் பட்டு எவ்வளவு ஆவியாகும், எப்போது உடையும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஐசான் என்ற வால்நட்சத்திரம் பிரமாதமாக இருக்கும் என்று சொன்னார்கள். 2013 நவம்பர் 28 அன்று சூரியனை ஒட்டிப் போகும்போது சிதைந்து ஒன்றுமில்லாமல் போனது. எதிர்த்திசையிலும் நடக்கும். 2007 அக்டோபரில் ஹோம்ஸ் என்ற வால்நட்சத்திரம், பெரிய தொலைநோக்கிக்கே சிரமமான 17-லிருந்து இரண்டே நாளுக்குள் 3-க்கு வந்தது. சில லட்சம் மடங்கு வெளிச்சம்! யாரும் எதிர்பார்க்கவில்லை.

2024-ல் சுச்சின்ஷான்-அட்லஸ் வந்தபோது நானும் ஒரு நண்பனும் விடியற்காலை கொள்ளிடக் கரைக்குப் போனோம். பைனாகுலர் இரவல். கிழக்கே, தொடுவான மூட்டத்துக்கு மேல், பஞ்சைத் தொட்டு வைத்த மாதிரி ஒரு தடம். "இதுக்காடா என்னை அஞ்சு மணிக்கு எழுப்புன? போட்டோல எவ்வளவு நீளமா இருந்துச்சு!" என்றான். கேமரா பல விநாடி வெளிச்சத்தைச் சேர்த்துப் பிடிக்கும், கண் அப்படிச் சேர்க்காது என்று விளக்கினேன். அவன் டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வால்நட்சத்திரத்தை அளக்க ஒரு தந்திரம் உண்டு. அது புள்ளியாக இல்லாமல் புகையாக இருப்பதால், பைனாகுலரின் ஃபோகஸைக் கலைத்துப் பக்கத்து நட்சத்திரங்களையும் அதே அளவு புகையாக்கி ஒப்பிட வேண்டும். அன்று அதே உயரத்தில் ஒப்பிட நட்சத்திரமே கிடைக்கவில்லை. "அளக்க முடியவில்லை, மூட்டம்" என்று எழுதினேன். அந்த வரியை எழுதும்போது பெருமையாகவே இருந்தது. பழைய ஆளாக இருந்தால் ஒரு எண்ணைப் போட்டிருப்பேன்.

இப்போது எதிர்க்கட்சி. "எல்லாவற்றையும் தானியங்கித் தொலைநோக்கிகள் ராத்திரி முழுக்கப் படம் பிடிக்கின்றன. உன் 0.2 பிசகும் கண் எதற்கு?" நியாயமான கேள்வி. மங்கலான நட்சத்திரங்களில் நம்மால் அவற்றோடு போட்டி போட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கருவிகளுக்குத் திருவாதிரை போன்றவை அளவுக்கு மீறிய வெளிச்சம், படத்தில் வழிந்துவிடும். தவிர, நூறு வருடத்துக்கு முந்தைய கணக்கெல்லாம் கண்ணால் எழுதியது. அதோடு இன்றைய கணக்கைத் தொடர்ச்சியாக ஒப்பிட அதே மாதிரி எழுதுகிற கண்ணும் வேண்டும். அந்த அமெரிக்கச் சங்கத்தின் களஞ்சியத்தில் 5 கோடிக்கு மேல் அளவீடுகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், யாரும் டிகிரி கேட்பதில்லை.

இன்னொரு காரணம் என்னைப் பொறுத்தது. காலேஜ் முடித்து எங்கோ ஒரு ஆபீஸில் கணக்கு எழுதப் போகிறேன். "இந்த எண்ணைக் கொஞ்சம் இப்படிப் போடுப்பா" என்று யாராவது சொல்லும் நாள் வரும். அதற்கான பயிற்சி வகுப்பில் கிடைத்ததைவிட வரப்பில்தான் அதிகம் கிடைத்தது.

அந்த வரப்புக்கும் ஆபத்து வந்துகொண்டிருக்கிறது. எங்கள் முக்குரோட்டில் உயர்கோபுர விளக்கு வைத்த பிறகு மேற்கு வானத்தில் பாதி போய்விட்டது. விளக்கே வேண்டாம் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. ராத்திரி பஸ்ஸில் இறங்கி வரும் அக்காக்களுக்கு அது வேண்டும். ஆனால் மேலே போகிற வெளிச்சம் யாருக்கு? விளக்கின் தலையில் ஒரு மூடி போட்டால் ரோட்டுக்கும் வெளிச்சம் கூடும், வானமும் பிழைக்கும்.

எங்கள் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு விளக்கு அணையாமல் எரிய நாள்தோறும் ஒரு உழக்கு நெய், அதற்கு 96 ஆடு. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒவ்வொரு விளக்குக்கும் கல்லில் கணக்கு வெட்டிய ஊர் இது. மேலே எரிகிற விளக்குகளுக்கு நாம் ஒரு நோட்டாவது போடக்கூடாதா?

செலவு: ஒரு நோட்டு, ஒரு பேனா. தை, மாசியில் திருவாதிரையை ரோகிணியோடு ஒப்பிடுங்கள். ஆடி, ஆவணியில் ஈட்டா அக்விலே. கார்த்திகையில் வடக்கே ஆல்கால், 2.87 நாளுக்கு ஒருமுறை சில மணி நேரம் மங்கித் திரும்பும். ஏன் மங்குகிறது என்று 1783-ல் விளக்கம் சொன்ன ஜான் குட்ரிக்குக்கு அப்போது வயது 18, காது கேட்காது. 21 வயதில் இறந்தும் போனார். என் வயதுக்குள் அவர் முடித்துவிட்ட வேலை அது.

சிவப்பு நட்சத்திரத்தை ரொம்ப நேரம் முறைக்காதீர்கள், பார்க்கப் பார்க்கப் பளிச்சென்று ஏமாற்றும். ஒப்பிடும் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கட்டும். மேகம் என்றால் மேகம் என்று எழுதுங்கள்.

அடுத்த முறை திருவாதிரை மங்கும்போது அப்பா மறுபடி கேட்பார். இந்தத் தடவை நோட்டைப் பிரித்து முன்னாடி எவ்வளவு இருந்தது என்று காட்டுவேன். நீங்கள்?